யார் பெயர் மேலே

டெல்னாவின் தொழில் சினிமாவுக்குப் பெயர் போடுவது. கொச்சியில் இந்தத் தொழிலுக்கு நல்ல மரியாதை உண்டு. அவளைப் பெற்றவளிடம் மட்டும் கிடையாது. "ஜனங்க இருட்டுல தடவித் தடவி சீட்டு தேடுவாங்கள்ல, அப்ப திரையில என்னமோ ஓடும் பாரு, அதுதான் இவ வேலை" என்று தேவரையில் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வைத்திருந்தாள் அம்மச்சி. பிள்ளைகள் இருவரும் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மச்சி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டே முக்கால் நிமிடத்துக்காக மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உலகத்தில் உண்டு. அவர்களில் ஒருத்தி தன் வயிற்றில் பிறந்திருக்கிறாள் என்பதை அவளுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

இந்த முறை படத்தின் பெயர் 'எட்டு நாற்பது'. காயலில் காலை எட்டு நாற்பதுக்குக் கிளம்பும் அரசுப் படகு, அதில் சீட்டு கொடுக்கும் ஒரு மனிதர், தினமும் ஏறி இறங்கும் ஜனம். அவ்வளவுதான் கதை. இயக்கியவன் டெல்னாவின் அண்ணன் ரெஜி. கதையை ரெஜியோடு உட்கார்ந்து எழுதியவன் டெல்னாவின் கணவன் நோபிள். இருவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். நண்பனைப் பார்க்கிற சாக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன் ஒருநாள் நண்பனின் தங்கையையும் பார்த்துவிட்டான். அப்படித்தான் கல்யாணம் நடந்தது.

பெயர் போடும் வேலைக்காக அம்மச்சி வீட்டு மொட்டை மாடியை டெல்னா வளைத்துக்கொண்டாள். குழந்தைகள் குளிக்கிற காற்றடைத்த ரப்பர் தொட்டி ஒன்று. அதில் தண்ணீர் நிரப்பி, காயல் நிறம் வரும்வரை கறுப்பு மை கரைத்தாள். கடுகளவு இலைகளாக மிதக்கிற பச்சைப் பாசியைக் குட்டநாட்டிலிருந்து சாக்கில் வரவழைத்தாள். தகரத்தில் எழுத்து எழுத்தாக அச்சு வெட்டி, நீர்மேல் நிறுத்தி, உள்ளே பாசியை நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தூக்கினால் ஒரு பெயர் பச்சையாக மிதக்கும். அதன் நடுவே நூல் கட்டிய மரப்படகு ஒன்றை இழுப்பாள். பெயர் இரண்டாகப் பிளந்து கரைக்கொரு பாதியாக ஒதுங்கிக் கலையும். மேலேயிருந்து கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு எடுத்த படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் வேடிக்கை. சிதறிக் கிடந்த பாசி தானாக நகர்ந்து, கூடி, ஒரு மனிதனின் பெயராகிவிடும். அதைப் பார்த்தபோது ரெஜி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான்.

பெயரை வாசித்தால் போதும் என்று நினைப்பவர்களிடம் டெல்னாவுக்குப் பேச்சே கிடையாது. ஒரு பெயர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படிப் போகிறது என்பதிலேயே படத்தின் குணம் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பாள். பேய்ப் படம் என்றதும் எழுத்திலிருந்து ரத்தத்தைச் சொட்டவிடுகிறவனை அவள் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'எட்டு நாற்பது' அவசரமில்லாத படம். ஆகவே பெயர்களும் அவசரப்படாமல் வந்து, படகுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போயின. ஒரு தடவைக்குத் திரையில் வரும் பெயர்களைக் கார்டு என்பார்கள்; முப்பது கார்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்தன. கதை, திரைக்கதை என்ற ஒற்றைக் கார்டில்தான் வந்தது வினை.

படப்பிடிப்பின் கடைசி நாள் பேய்மழை. நோபிள் எழுதியிருந்தபடி சீட்டு கொடுக்கிற மனிதர் கடைசித் துறையில் இறங்கி வீட்டுக்கு நடக்க வேண்டும். மழையில் துறையே தெரியவில்லை. ரெஜி யோசித்தான்; மனிதரைப் படகிலேயே உட்காரவைத்துப் படத்தை முடித்துவிட்டான். நோபிளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. மூன்று வாரம் கழித்து எடிட்டிங் அறையில் நோபிள் அதைப் பார்த்தான். சொல்லியிருக்கலாமே என்று அவன் கேட்க, மழையில் நின்றவன் நான் என்று இவன் சொல்ல, இரண்டு வருஷம் எழுதினவன் நான் என்று அவன் திருப்ப, பேச்சு அங்கேயே நின்றது. நின்று மூன்றரை மாதமாயிற்று. முடிவு மாறியதில் படம் கெட்டுப்போனதா என்றால் அதுவும் இல்லை, நன்றாகவே இருந்தது. நோபிளுக்கும் அது தெரியும். கோபம் அதனால் இன்னும் கூடியது.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அந்த வீட்டில் கோயிலில் குர்பானா பூசை காண்பதற்குச் சமம். எல்லோரும் அம்மச்சி வீட்டில் ஒன்றாக உட்கார வேண்டும். சண்டைக்குப் பிறகு அது இரண்டு பந்தியாயிற்று. முதல் குர்பானா முடித்து நோபிள் பதினோரு மணிக்கே வந்து மீனும் மோர்க்கறியும் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவான். ஒன்றரைக்கு ரெஜி வருவான். அம்மச்சி அதே கறியை மறுபடி சுடவைப்பாள். டெல்னா இரண்டு பந்தியிலும் உட்கார்ந்தாள். ஒன்றில் எழுந்தால் கணவனுக்கு முகம் வாடும், மற்றதில் எழுந்தால் அண்ணனுக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தை இரண்டு வேளை சாப்பிடவும் சொன்னால் அது என்ன செய்யும்?

ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் ஒரே கார்டில் என்று இருந்தது. யார் பெயர் முதலில் என்று எழுதவில்லை. எழுதிய காலத்தில் அது யாருக்கும் தோன்றவே இல்லை. இப்போது அது மட்டும்தான் தோன்றியது. ஒரு காலையில் காபி குடித்தபடி நோபிள் அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

"கார்டு நேர்மையா இல்லேன்னா என் பேரே வேணாம், எடுத்துடு. அப்புறம் உன் அண்ணன் இருக்கற பக்கம் என்னைக் கூப்பிடாத. அம்மச்சி வீடா இருந்தாலும் சரி."

கத்திச் சொல்லியிருந்தால் டெல்னா பயந்திருக்க மாட்டாள். அவன் மெதுவாகச் சொன்னால் செய்துவிடுகிற ஆள். ரெஜியோ அதைவிடப் பிடிவாதம். அவர்கள் அப்பாவோடு ஒன்பது வருஷம் பேசாமலிருந்த மாமா ஒருவர் அந்தக் குடும்பத்தில் இருந்தார், ரெஜிக்கு அவருடைய மூக்கு. இந்தக் கார்டு தவறிப்போனால் அடுத்த ஒன்பது வருஷமும் தனக்கு ஞாயிறுதோறும் இரண்டு பந்திதான் என்று டெல்னாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் அவள் மனசுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. கார்டு சரியாக அமைந்துவிட்டால், பெரிய திரையில் இரண்டு பெயரும் சேர்ந்து மிதப்பதைப் பார்த்தால், இந்த இரண்டு மடையன்களும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துவிடுவார்கள் என்று நம்பினாள்.

முதலில் அகர வரிசை. நோபிள் முன்னால் வந்தான். படம் எடுத்தது நானா அகராதியா என்று ரெஜி கேட்டான். சரி, ஒன்றின்கீழ் ஒன்று? மேலே இருப்பவன் பெரியவன். பக்கத்தில் பக்கத்தில்? இடது பக்கம் இருப்பவனைத்தான் கண் முதலில் வாசிக்கும். பிறகு, இரண்டு பெரிய நடிகர்கள் மோதிக்கொள்ளும்போது உலகம் முழுக்கச் செய்கிற பழைய வித்தையைச் செய்து பார்த்தாள். ஒரு பெயர் இடப்பக்கம் கொஞ்சம் கீழே, மற்றது வலப்பக்கம் கொஞ்சம் மேலே. யார் முதல் என்று யாராலும் சொல்ல முடியாது. இவர்களால் முடிந்தது. கீழே இருந்தவன் கீழே இருக்கிறேன் என்றான். வலப்பக்கம் இருந்தவன் பின்னால் இருக்கிறேன் என்றான்.

அசையாமல் நிற்கும் வரை பெயருக்கு மேல் கீழ் உண்டு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுற்றவிட்டால்? படகு துறையில் திரும்பும்போது பின்னால் நீர் சுழிக்கும். அந்தச் சுழியில் இரண்டு பெயரும் சிக்கி ஒன்றையொன்று சுற்றி வரட்டும். இவன் மேலே போகும்போது அவன் கீழே, அவன் மேலே போகும்போது இவன் கீழே. தொட்டியின் ஓரத்தில் விரலைவிட்டுச் சுழித்து, நாலு நாள் பாழாக்கி, ஐந்தாம் நாள் பிடித்தாள். அதுவரை அவள் செய்ததிலேயே அழகான மூன்று நொடி அது. அம்மச்சிகூட மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, கொசு வருகிறது என்று சொல்ல மறந்து கீழே போனாள்.

ரெஜி அதைக் கணினியில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தான். நொடிக்கு இருபத்துநாலு ஃப்ரேம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணினான்.

"சுத்து ஆரம்பிக்கும்போது அவன்தானடீ மேல இருக்கான்? அப்ப அவன்தான் முதல்ல."

"ஒரு நொடிகூட இல்ல சேட்டாயி. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

அதற்கு மருந்து ஒன்றுதான். இரண்டாவது சுற்று. முதல் சுற்றில் நோபிள் மேலே தொடங்கட்டும், இரண்டாவதில் ரெஜி. அதற்கு இன்னும் மூன்று நொடி, அதாவது எழுபத்திரண்டு ஃப்ரேம் வேண்டும். ஆனால் பெயர்களின் பின்னால் ஓடும் பாட்டு பதிவாகி முடிந்துவிட்டது. அதில் ஒரு நொடியைக்கூட நீட்ட முடியாது. பட்டியலில் எங்கிருந்தோ அந்த மூன்று நொடியை எடுத்துச் சேர்த்தாள். நோபிளிடம் காட்டினபோது அவனும் எண்ணினான். கடைசியில் யார் பெயர் முதலில் மூழ்குகிறது என்று பார்த்தான். இரண்டு ஃப்ரேம் முந்தித் தன் பெயர் மூழ்குவதைக் கண்டுபிடித்தான். படித்த ஆண்கள், ஒருவன் திருக்குடும்பப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, மற்றவன் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து, ஒரு நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்குக்காக அவள் உயிரை எடுத்தார்கள். இரண்டையும் ஒரே ஃப்ரேமில் மூழ்கவைத்தாள். ரெஜி போனில் ஒரு கட்டைவிரலை அனுப்பினான். நோபிள் அவளுக்கு ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தான். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, ஒலி சேர்க்கும் கூடத்தின் சின்னத் திரையரங்கில் முழுப் படத்தையும் பார்ப்பதாக ஏற்பாடு. தணிக்கைக்குக் கொடுக்கும் முன் கடைசிச் சரிபார்ப்பு. தயாரிப்பாளர் பௌலோஸ் சேட்டன் வந்திருந்தார். ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர், சாது. ரெஜி முன்வரிசையில் இடது கோடி, நோபிள் கடைசி வரிசையில் வலது கோடி. பௌலோஸ் சேட்டன் இருவரையும் பார்த்துவிட்டு, நடுவில் டெல்னாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதென்ன, எலெக்ஷன் பூத்தா என்று முணுமுணுத்தார்.

விளக்கு அணைந்தது. நம் ஊர்ப் படங்களுக்கே உரிய நன்றிப் பட்டியல் முதலில் வந்தது. படகுத்துறை, பங்குக் கோயில், பஞ்சாயத்து, கப்பைக்கிழங்கு அவித்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள் என்று நூற்றுப்பன்னிரண்டு பெயர். பிறகு பாட்டு. கறுத்த நீர்மேல் பாசி நகர்ந்தது. பெயர்கள் கூடின, நின்றன, படகுக்கு ஒதுங்கின. இவ்வளவு பெரிதாக டெல்னா இதைப் பார்த்ததில்லை. தொட்டியில் கைநீளத்துக்கு இருந்தது இப்போது காயலாகவே கிடந்தது. ஒவ்வொரு பாசி இலையும் தனித்தனியாகத் தெரிந்தது.

சுழி வந்தது. அப்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தாள், திரும்பிப் பின்னால் பார்த்தாள். முதல் சுற்று. ரெஜியின் தலை அசையவில்லை. இரண்டாவது சுற்று. நோபிள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பெயரும் ஒரே ஃப்ரேமில் மூழ்கின. ஒருவனும் திரும்பவில்லை. ஆளுக்கு ஆள் தன் பங்கு சரியாக வந்ததா என்று பார்த்தார்கள், வந்தது, அவ்வளவுதான். நேர்மையான கார்டு செய்தால் நேர்மையான கார்டு கிடைக்கும், வேறென்ன கிடைக்கும் என்று டெல்னா தன்னையே திட்டிக்கொண்டாள். மிச்சக் கார்டுகள் வந்தன. ஒளிப்பதிவு, இசை, தயாரிப்பு. கடைசியாக இயக்கம். பாட்டு முடிந்து, முதல் காட்சியில் படகு மணி அடித்தது.

"நிறுத்துங்க" என்று பின்னாலிருந்து நோபிளின் குரல் வந்தது.

படம் நின்று விளக்கு எரிந்தது. இனி எந்த ஃப்ரேமில் என்ன குறையோ என்று டெல்னா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது முன்வரிசையில் ரெஜியும் எழுந்து நின்றிருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்குமேல், பின்வரிசையைப் பார்த்தான்.

"ரெஜி," என்றான் நோபிள், "அவ பேரு வந்துச்சா?"

"வரலடா. நானும் அதைத்தான் பாத்துட்டிருந்தேன்."

யாருடைய பெயர் என்று டெல்னாவுக்குப் புரியவில்லை. அவசரமாக மடியிலிருந்த பட்டியலை எடுத்தாள். ஏழு தடவை சரிபார்த்த பட்டியல். விரலை வைத்துக்கொண்டே போனாள். பாதியில் விரல் நின்றது. கதை, திரைக்கதை என்பதற்கு அடுத்த வரி பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. அடித்தது அவள் கைதான். டைட்டில் வடிவமைப்பு, டெல்னா வர்கீஸ்.

தியாகம் எல்லாம் இல்லை. மறந்துவிட்டாள். கல்யாண வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தான் சாப்பிட்டோமா என்பதை மறந்துவிடுகிறவர்கள் இல்லையா, அப்படி. அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தாள். அப்புறம் இரண்டு ஃப்ரேம் சண்டை வந்தது.

நோபிள் படியிறங்கி அவள் வரிசைக்கு வந்து, பட்டியலை வாங்கிப் பார்த்தான். அவன் கணக்குப் பார்க்கிற ஆள். முகம் மாறியது.

"எங்க ரெண்டாவது சுத்துக்கு மூணு நொடி வேணும்னு சொன்னியே. எங்கேர்ந்து எடுத்த?"

ரெஜி நாற்காலிகளுக்கு மேலேயே ஏறிக் கடந்து வந்து, நோபிளின் தோள்வழியாகப் பட்டியலை எட்டிப் பார்த்தான். அடித்த வரியையும் அதன் ஓரத்தில் அவள் எழுதியிருந்த 72 என்ற எண்ணையும் பார்த்தான்.

"கப்பை அவிச்சவன் பேரெல்லாம் போட்டோம்" என்றான் ரெஜி. "நாம சாப்பிட்டது இவ பேரைடா."

"இப்ப எடுத்துடலாம். ஒரு சுத்து போதும்" என்றான் நோபிள். "நீ மேல வா. எனக்கு ஒண்ணும் இல்ல."

"நான் எதுக்கு? கதை உன்னோடதுதானே, நீ வா."

"முடிவு நீ வெச்சதுதான் நல்லாருக்கு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல, மூணரை மாசமா."

"போன் பண்ணாதது என் தப்புடா."

பௌலோஸ் சேட்டன் வாயைத் திறந்தார். பிறகு ஐஸ்காரர்களுக்கே உரிய பொறுமையோடு மூடிக்கொண்டார். மூன்றரை மாதம் மேலே வர அடித்துக்கொண்டவர்கள் இப்போது கீழே போக அடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்த டெல்னாவுக்கு முதலில் அழுகை வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது. கோபம்தான் வெளியே வந்தது.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. எனக்குப் பேரு வேணாம்னு நான் சொல்லவே இல்ல. எனக்கு வேணும். அந்தப் பாசியில கை வெச்சு என் நகமெல்லாம் பச்சையா நிக்குது. மறந்துட்டேன், அவ்வளவுதான். ஒரு சுத்தை வெட்டி என் மூணு நொடிய நான் எடுத்துக்கப் போறேன். யாரு மேல, யாரு கீழன்னு நான் முடிவு பண்ணுவேன். யாரும் வந்து எண்ணக்கூடாது."

யாரும் எண்ண வரவில்லை. அன்று மாலையே மாடியில் அவள் தன் பெயரைத் தண்ணீரில் வைத்தாள். மறுநாள் காலை பதினொன்றுக்கு அதே கூடத்தில் மறுபடி படம் போட்டார்கள். இந்த முறை ரெஜியும் நோபிளும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். டெல்னா அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

நன்றிப் பட்டியல் ஓடியது. பாட்டு தொடங்கியது. மூன்றரை மாதப் பேச்சு பாக்கி இருந்ததால் முன்னால் இரண்டு தலைகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து குசுகுசுத்துக்கொண்டே இருந்தன. இரண்டு வருஷமாக ரெஜி மனசில் வைத்திருந்த அடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் ஒரு பாலம் வந்தது, ஒரு கல்யாணம் நின்றுபோனது. அப்படிச் செய்யாதே, கல்யாணம் நடக்கட்டும், பாலம்தான் நிற்கட்டும் என்று நோபிள் கையை ஆட்டி ஆட்டி மறுத்தான். திரையில் படகு திரும்பியது, நீர் சுழித்தது, இரண்டு பெயரும் ஒன்றையொன்று ஒரு சுற்று சுற்றி, சேர்ந்து மூழ்கின. கல்யாணம் ஏன் நடக்க வேண்டும் என்று ரெஜி கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த கார்டுக்குப் பாசி கூடத் தொடங்கியதும் இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். எழுத்து முழுதாகச் சேரும் முன்பே ரெஜி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். நோபிள் எழுந்து நின்று கைதட்டினான், திரையில் அவள் பெயருக்குக் குறுக்கே அவன் தலை நிழலாக விழுந்தது. உட்காரச் சொல்லி பௌலோஸ் சேட்டன் சட்டையைப் பிடித்து இழுத்தார். டெல்னா மூன்று நொடியும் பார்த்தாள்.

பாதிப் படம் ஓடிய பிறகுதான் நோபிளுக்கு நினைவு வந்தது. திரும்பி அவளிடம் மெல்லக் கேட்டான்.

"எங்க கார்டு வந்துடுச்சா? யாரு மேல வந்தா?"

ரெஜியும் திரும்பினான். அவனும் பார்த்திருக்கவில்லை.

"படம் வந்ததும் டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்க" என்றாள் டெல்னா. "ரெண்டு பேரும் சேர்ந்து."